எண்பது ஷாட்டும் பத்துக் குடமும்

இனிமேல் ஒரு நாளைக்கு இரண்டு குடத்துக்கு மேல் தண்ணீர் சுமப்பதில்லை என்று நான் தீர்மானம் செய்தேன்.

தீர்மானம் நிறைவேறிய நாள் 2005ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. நிறைவேறிய இடம் கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்துக் குழாயடி. ஆதரித்தவர் நான். எதிர்த்தவர் யாரும் அருகில் இல்லை. அப்போது என் சைக்கிள் கேரியரின் இரு பக்கமும் இரண்டு குடங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. அவை அன்றைக்கு ஐந்தாவதும் ஆறாவதும்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாங்கள் இருப்பது மரக்காணத்தில். சுற்றிலும் உப்பளம். எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரில் குழம்பு வைத்தால் தனியாக உப்புப் போட வேண்டாம். காபி போட்டால்தான் சங்கடம். நல்ல தண்ணீருக்குச் சாலையோரக் குழாய்க்குப் போக வேண்டும். போக ஒரு கிலோமீட்டர். வரவும் ஒரு கிலோமீட்டர்தான் என்று சொல்கிறார்கள். நான் நம்புவதில்லை.

வீட்டில் ஐந்து பேர். நான் சுப்ராயன். உப்பள ஆபீசில் லாரி எடை எழுதுகிற கிளார்க். என் மனைவி செந்தமிழ், அதே உப்பளத்தில் உப்பு வாரும் பெண்களுக்கு மேஸ்திரி. பெயர்தான் செந்தமிழ், என்னிடம் பேசுவது கொடுந்தமிழ். அவளுடைய அம்மா பாக்கியலட்சுமி, எனக்கு அத்தை. காலையில் வாசலில் இட்லிக் கடை போடுகிறவர். அவளுடைய தம்பி வேல்முருகன், ஆரோவில்லில் தச்சு வேலை. கடைசித் தங்கை கலைமதி, தையல் வகுப்பு.

ஐந்து பேருக்கும் இட்லிக் கடைக்கும் சேர்த்து ஒரு நாளைக்குப் பத்துக் குடம் நல்ல தண்ணீர் வேண்டும். பத்தை ஐந்தால் வகுத்தால் இரண்டு. மூன்றாம் வகுப்புக் கணக்கு. ஆனால் எங்கள் வீட்டில் வகுத்தால் மட்டும் எனக்கு ஆறு வருகிறது.

எப்படி வருகிறது? யாரும் என்னை அதட்டுவதில்லை. எல்லாம் மரியாதையாகத்தான் நடக்கும்.

"கலை, குடத்தை எடுத்துக்கினு போயேன்" என்பார் அத்தை.

"எனக்குக் கிளாசுக்கு நேரமாச்சும்மா. வேலு அண்ணன் போவட்டும்."

"நான் பஸ்சைப் புடிக்கணும். அக்கா, நீ?"

"மாவு ஆட்டிக்கினு இருக்கேன்டா. கண்ணு தெரியலயா?"

குடம் இப்படிக் கைமாறிக்கொண்டே வரும். திடீரென்று பேச்சு நின்றுவிடும். என்ன ஆயிற்று என்று நிமிர்ந்து பார்த்தால், குடம் என் கையில் இருக்கும்.

"ஏங்க, மழைக்காலம். உப்பளமும் மூடியாச்சு. சும்மாதானே இருக்கீங்க" என்பாள் செந்தமிழ்.

நான் சும்மா இல்லை. அது அவளுக்குத் தெரியாது. நான் மேனேஜர்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெயசீலன் என்கிற என் பள்ளித் தோழன் நெட் சென்டர் வைத்திருக்கிறான். மூன்று கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி. அக்டோபரில் ஒரு நாள் மழைக்கு அங்கே ஒதுங்கினேன்.

"ஏம்பா, இப்படி வந்து குந்து. பாஸ்கெட்பால் கேம் ஒண்ணு வந்திருக்குது. இதுல நீதான் மேனேஜர்" என்றான்.

பத்தொன்பது ஆண்டு கிளார்க்காக இருக்கிறவனிடம் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது. உட்கார்ந்துவிட்டேன்.

விளையாட்டு எளிது. நமக்கு ஒரு கூடைப்பந்து அணி தருவார்கள். களத்தில் ஐந்து பேர். ஐந்து பேரும் கம்ப்யூட்டர் பெற்ற பிள்ளைகள். குறிபார்த்துப் போடுவதற்கு இருபதுக்கு இத்தனை, பந்தை அடுத்தவருக்குக் கொடுப்பதற்கு இத்தனை என்று ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் உண்டு. யாரை எந்த இடத்தில் நிறுத்துவது என்று மேனேஜர் சொல்லலாம். அதற்குமேல் அவர் வாயைத் திறக்க முடியாது. ஆட்டத்தைக் கம்ப்யூட்டரே ஆடும். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஆட்டம். முடிந்ததும் ஒரு பட்டியல் வரும். ஒவ்வொருவரும் கூடையை நோக்கி எத்தனை முறை பந்து போட்டார், அதில் எத்தனை விழுந்தது என்று அதில் இருக்கும். கூடையை நோக்கிப் போடுவதற்குப் பெயர் ஷாட். ஓர் ஆட்டத்தில் எங்கள் அணிக்கு மொத்தம் எண்பது ஷாட்.

என் ஐந்து பேருக்கும் வெளிநாட்டுப் பெயர்கள். வாசிக்க நாக்கை இரண்டாக மடிக்க வேண்டும். ஆகவே நானே பெயர் வைத்தேன். இரண்டு தடியர்கள்: சடையப்பன், அப்பாவு. இரண்டு குள்ளர்கள்: உருவத்தில் இல்லாத நீளம் பெயரிலாவது இருக்கட்டும் என்று தட்சணாமூர்த்தி, சக்கரபாணி. ஐந்தாமவன் லிதுவேனியாக்காரன். குறிபார்த்துப் போடுவதில் இருபதுக்குப் பத்தொன்பது! அப்படி ஒரு கை எங்கள் பிரிவில் உள்ள எட்டு அணிகளிலும் யாரிடமும் இல்லை. அவனுக்குக் காசிலிங்கம் என்று பெயர் வைத்தேன். மனத்துக்குள் கும்பிடும் போட்டேன்.

ஆறு சனிக்கிழமை ஆடினோம். ஆறிலும் தோற்றோம்.

தோற்றதைப் பற்றிக்கூட எனக்கு வருத்தமில்லை. பட்டியலைப் பார்த்தால்தான் தலை சுற்றியது. ஆறாவது ஆட்டத்தில் சடையப்பன் இருபத்தொன்பது ஷாட், அப்பாவு இருபத்தாறு, தட்சணாமூர்த்தி பதினொன்று, சக்கரபாணி ஒன்பது. காசிலிங்கம்? ஐந்து. வெறும் ஐந்து! அந்த ஐந்தில் நான்கு கூடைக்குள் விழுந்திருந்தன. சடையப்பன் போட்ட இருபத்தொன்பதில் ஏழு விழுந்தன. அவையும் வழிதவறிப் போய் விழுந்தவையாகத்தான் இருக்கும்.

எண்பது ஷாட்டை யார் பிரித்துக் கொடுக்கிறார்கள்? எதை வைத்து? இதுதான் என்னைப் பிடித்து ஆட்டியது. உயரத்தின்படி பிரிக்கிறார்களா என்று பார்த்தேன். இல்லை. சட்டை எண்ணின்படி? இல்லை. அகர வரிசைப்படி? ஆங்கிலத்தில் பார்த்தேன், தமிழிலும் பார்த்தேன். பிறந்த தேதியை வைத்து லிங்கத்துக்கு அட்டமத்துச் சனி நடக்கிறதா என்றுகூடக் கணித்துப் பார்த்தேன். லிதுவேனியாவில் சூரியன் எத்தனை மணிக்கு உதிக்கும் என்று தெரியாததால் அதை விட்டுவிட்டேன். ஆனால் ஒன்று. ஒவ்வொரு முறையும் அந்த எண்கள் கூட்டினால் சரியாக எண்பதில் வந்து நிற்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கும். ஏதோ ஒரு விதி உள்ளே உட்கார்ந்திருக்கிறது. கடல் அலைக்கு இருப்பதுபோல. எனக்குத்தான் அது பிடிபடவில்லை.

ஏழாவது ஆட்டம்தான் கடைசி. எங்களை எதிர்த்து ஆடுவது யார் தெரியுமா? ஜெயசீலனின் அணி. அவனும் ஆறிலும் தோற்றவன். எங்கள் இருவரில் யார் தோற்கிறோமோ அவர் கீழ்ப் பிரிவுக்குப் போக வேண்டும். பெயரிலேயே ஜெயத்தை வைத்திருக்கிறவனிடம் நான் எப்படி ஜெயிப்பேன்?

இந்தக் கவலையோடுதான் அன்று குழாயடியில் நின்றேன். களத்தில்தான் என் சொல் செல்லவில்லை, வீட்டிலாவது செல்லட்டும் என்றுதான் அந்த இரண்டு குடத் தீர்மானமே பிறந்தது.

வீட்டுக்கு வந்தேன். குடங்களை இறக்கினேன். தொண்டையைச் செருமினேன்.

"செந்தமிழ், ஒரு முக்கியமான விஷயம்."

"இருங்க. மொதல்ல இது இன்னான்னு சொல்லுங்க."

அவள் கையில் ஒரு ஈரக் காகிதம். துவைக்கப் போட்ட என் சட்டைப் பையிலிருந்து எடுத்திருக்கிறாள். ஆறாவது ஆட்டத்துப் பட்டியல்! பெயர்களுக்கு மேலே தமிழில் நான் எழுதிவைத்த பெயர்களோடு இருந்தது.

"அஞ்சு பேரு. பேருக்கு நேரா நம்பரு. நம்ம வீட்டுத் தண்ணிக் கணக்கா?"

"இல்ல..."

"இருபத்தொம்போதுன்னு இருக்குதே, அது நீங்களா? அம்மாடி, இருபத்தொம்போது குடமா?"

"அது சடையப்பன்."

"எந்தச் சடையப்பன்?"

"உனக்குத் தெரியாது. உருகுவே நாட்டுக்காரன்."

"பின்ன இந்த அஞ்சு?"

"அது காசிலிங்கம்."

"எவன்யா அது காசிலிங்கம்? எனக்குத் தெரியாம எவன் வந்து என் வீட்டுக்கு அஞ்சு குடம் தூக்கினான்?"

அத்தை இட்லிக் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். இனி மறைக்க முடியாது. கிளார்க் வாழ்க்கையில் நான் கற்ற பாடம் ஒன்று உண்டு: மாட்டிக்கொண்டால் விவரமாகச் சொல்லிவிடு, கேட்கிறவர்கள் தூங்கிவிடுவார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். நெட் சென்டர், மேனேஜர், எண்பது ஷாட், லிதுவேனியா.

செந்தமிழ் தூங்கவில்லை. மணைப்பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காகிதத்தை முழங்காலில் வைத்து நீவினாள்.

"நல்லாப் போடறவனுக்கு அஞ்சு. போடத் தெரியாதவனுக்கு இருபத்தொம்போது. இதான உங்க கவலை?"

"ஆமாம்."

"சரி. பந்தை மொதல்ல எடுத்துக்கினு வர்றது யாரு?"

"கார்டுங்க ரெண்டு பேரும்."

"கார்டுன்னா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பாவம், ஆங்கிலம் தெரியாது. பொறுமையாக விளக்கினேன். "கார்டுன்னா வாட்ச்மேன். காவல் காக்கிறவன். அதான் வாட்டசாட்டமா இருக்கிற சடையப்பனையும் அப்பாவுவையும் அங்க நிறுத்தியிருக்கேன். அடுத்தது ஃபார்வர்டு. நம்ம ஆபீஸ்ல மனுவை மேலே ஃபார்வர்டு பண்றோம் இல்ல, அது மாதிரி. வாங்கி அனுப்புற வேலை. குள்ளனுங்க ரெண்டு பேருக்கும் பந்து கொடுக்கிறதுல இருபதுக்குப் பதினேழு. அதனால அவங்க ஃபார்வர்டு. நடுவுல சென்டர். நடுநாயகமா லிங்கம்."

"சடையப்பனுக்குப் பந்து குடுக்கறதுல எவ்ளோ?"

"ரெண்டு."

"இருபதுக்கா?"

"இருபதுக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். எங்கள் வாசலில் மழையில் நனைந்து நிற்கும் ஆட்டைப் பார்ப்பதுபோல், அன்பும் இரக்கமுமாகப் பார்த்தாள்.

"ஏங்க, குடுக்கத் தெரியாதவன் கையில பந்து இருந்தா இன்னா பண்ணுவான்?"

"என்ன பண்ணுவான்?"

"வேற வழியில்லாம அவனே போடுவான்."

நான் வாயைத் திறந்தேன். மூட மறந்துவிட்டேன்.

"உப்பளத்துல பார்த்ததில்லயா நீங்க? வாய்க்கால்ல தண்ணி வருது. எந்தப் பாத்தியில நல்லா உப்பு பூக்கும்னு தண்ணிக்கா தெரியும்? மடையத் திறக்கறவளுக்குத்தான் தெரியும். மடைகிட்ட ஒரு மாங்கா மடையனைக் குந்த வெச்சீங்கன்னா, பக்கத்துப் பாத்தியிலயே எல்லாத் தண்ணியும் நின்னுக்கும். லிங்கம் தூரத்துப் பாத்தி. அவனுக்கு எங்க வரும்?"

"அப்ப யாருக்கு எத்தனை ஷாட்டுன்னு முடிவு பண்றது..."

"போடறவன் இல்லீங்க. குடுக்கறவன். பாஸ் பண்றவன்தான் பாஸ்."

அடுப்பிலிருந்து இட்லி இறங்கியது. ஆறு வாரமாக நான் மண்டையை உடைத்துக்கொண்ட புதிரை ஓர் ஈடு இட்லி வேகிற நேரத்தில் அவிழ்த்துவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இவளோடு பதினாறு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், இவள் தலைக்குள் இப்படி ஒரு மடை திறந்து மூடுவதை ஒரு நாளும் கவனித்ததில்லையே!

"அப்ப குள்ளனுங்களைக் கார்டாப் போடறேன். லிங்கத்தை ஃபார்வர்டாப் போடறேன்" என்றேன், மூச்சு வாங்க.

"போடுங்க. சனிக்கிழமை ஜெயிச்சிடுவீங்க."

அந்த உற்சாகத்தில்தான் எனக்கு என் தீர்மானம் ஞாபகம் வந்தது. நல்ல சமயம். விடக் கூடாது.

"செந்தமிழ், நான் ஜெயிச்சா வீட்டுத் தண்ணியையும் நியாயமாப் பிரிக்கணும். சம்மதமா?"

"தாராளமா. ஆனா நியாயம்னா இன்னா? அப்புறம் நீங்க ஒண்ணு சொல்லுவீங்க, நான் ஒண்ணு சொல்லுவேன். எண்பது ஷாட்டை ஆளுக்குப் பதினாறுன்னு சமமாப் பிரிச்சா நியாயமா?"

"அதெப்படி?" எனக்குக் கோபமே வந்துவிட்டது. "சடையப்பனும் லிங்கமும் ஒண்ணா? யாருக்கு நல்லா வருதோ அவனுக்குத்தான் அதிகம் கொடுக்கணும்!"

"அழகாச் சொன்னீங்க. தண்ணிக்கும் அதே விதிதானே?"

இங்கே நான் அவசரப்படவில்லை. யோசித்தேன். நன்றாக யோசித்தேன். வேல்முருகனுக்கு வயது இருபத்துமூன்று. இரண்டு தோளும் தேக்கு மரம். கலைமதி பள்ளியில் கபடி ஆடியவள். செந்தமிழ் உப்புக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் ஓடுகிறவள். நானோ நாற்பத்தாறு வயது, முதுகுவலிக்காரன். நன்றாகத் தூக்குகிறவருக்கே அதிகம் என்றால் எனக்கு இரண்டு குடம்கூட வராது! அவளுடைய விதியால் அவளையே மடக்கப் போகிறேன். சிரிப்பை அடக்கப் பெரும்பாடுபட்டேன்.

"அதே விதிதான்" என்றேன். "யாருக்கு நல்லா வருதுன்னு ஒரு வாரம் பட்டியல் எடுத்துடலாம். ஆட்டத்துல எடுக்கிற மாதிரியே. எத்தனை குடம் எடுத்தாங்க, அதுல எத்தனை சிந்தாம வந்துச்சுன்னு."

"நீங்க சொன்னா சரிதாங்க. எதுக்கும் விதியை எழுதி வெச்சிடுங்க. உங்க கையெழுத்து அழகு."

எழுதினேன். ஆபீஸ் நடையில் எழுதினேன். 'ஐந்து பேர் கொண்ட எந்த அணியிலும், ஒரு செயலைத் தவறாமல் செய்கிறவர் எவரோ, அவருக்கே அந்தச் செயலில் பெரும்பங்கு அளிக்கப்பட வேண்டும். ஏனையோர் அவருக்கு உறுதுணையாக இருப்பார்களாக.' கீழே கையொப்பம், தேதி. படித்துப் பார்த்தபோது எனக்கே ஒரு மரியாதை உண்டாயிற்று.

அந்த விதிக்குக் கீழேயே செந்தமிழ் ஐந்து பெயரையும் எழுதி, அன்றைய குடங்களிலிருந்தே கணக்கைத் தொடங்கி, சமையலறைக் கதவில் ஒட்டி, ஒரு பென்சிலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள்.

அந்த வாரம் ஏனோ எல்லாருக்கும் கை வழுக்கியது. திங்கட்கிழமை வேல்முருகன் வாசல்படியில் தடுக்கி ஒரு குடத்தைக் கவிழ்த்தான்.

"அடடா, கால் ஸ்லிப் ஆயிடுச்சு மாமா" என்றான். தேக்குத் தோளைத் தடவிக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை கலைமதி பாதி குடத்தோடு வந்தாள். "மூடி சரியில்ல மாமா. வழியெல்லாம் ஊத்திக்கினே வந்திருக்குது."

அத்தை எடுத்த குடம் குழாயடியிலிருந்து கிளம்பவே இல்லை. முழங்கால் வலி என்று அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். செந்தமிழேகூட ஒரு குடத்தைத் திண்டாடிக்கொண்டு இறக்கும்போது பாதியைத் தரையில் விட்டாள். உப்புக்கூடையோடு வரப்பில் ஓடுகிறவள்! மழையினால் ரோடு மோசம் என்று எண்ணிக்கொண்டேன்.

புதன்கிழமைதான் எனக்கு லேசாக உறைத்தது. எல்லாரும் சிந்துகிறார்களே, நான் மட்டும் சிந்தாமல் வந்தால் பட்டியலில் என் பெயர் மேலே போய்விடுமே! உடனே தெருமுனையில் சைக்கிளை நிறுத்தினேன். ஒரு குடத்தைச் சாய்க்க முயன்றேன். கை வரவில்லை. பத்தொன்பது ஆண்டு எடை எழுதிய கை அது. ஒரு லாரியில் கால் கிலோ குறைந்தாலும் அன்று எனக்குச் சோறு இறங்காது. கால் குடம் தண்ணீரை வேண்டுமென்றே கொட்டு என்றால் எப்படிக் கொட்டும்? விளிம்பு வரை ததும்பத் ததும்ப வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தேன். செந்தமிழ் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். போகட்டும், மற்றவர்களுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது, தேறிவிடுவார்கள் என்று தேற்றிக்கொண்டேன்.

சனிக்கிழமை வந்தது. நாலரை மணிக்கே நெட் சென்டரில் உட்கார்ந்தேன். ஐவரையும் இடம் மாற்றினேன்.

"ஏம்பா, கீழ்ப் பிரிவுக்குப் போறதுக்குப் பெட்டி கட்டிட்டியா?" என்றான் ஜெயசீலன், பக்கத்துக் கம்ப்யூட்டரிலிருந்து.

"பார்க்கலாம்."

"குள்ளனுங்களைக் கார்டாப் போட்டிருக்கே? உருப்படுமாடா அது?"

"பார்க்கலாம்னேன்ல?"

ஐந்து மணி. ஆட்டம் தொடங்கியது. அந்த விளையாட்டில் படம் கிடையாது. நடப்பதெல்லாம் வரிவரியாக ஆங்கிலத்தில் வரும். முதல் வரி: தட்சணாமூர்த்தி பந்தைக் கொண்டுவருகிறான். இரண்டாம் வரி: காசிலிங்கத்துக்குக் கொடுக்கிறான். மூன்றாம் வரி: காசிலிங்கம் போடுகிறான், விழுந்தது!

அடுத்து சக்கரபாணி கொண்டுவந்தான். காசிலிங்கத்துக்குக் கொடுத்தான். விழுந்தது. மறுபடியும் தட்சணாமூர்த்தி. இந்த முறை லிங்கத்தை இரண்டு பேர் சூழ்ந்துகொண்டார்கள் போலிருக்கிறது. சென்டரில் கூடைக்குக் கீழேயே நின்ற சடையப்பனுக்குக் கொடுத்தான். அவ்வளவு பக்கத்திலிருந்து போட்டால் சடையப்பனுக்குக்கூட விழுகிறது!

நான் நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டேன். ஆறு வாரம் அதே ஐந்து பேர்தான். அதே கை, அதே கால், அதே மதிப்பெண். யாரும் ஓர் அங்குலம் வளரவில்லை. அவர்கள் நிற்கும் இடத்தை மாற்றியதும் பந்து தானாக வழி கண்டுபிடித்துப் போகிறது. மடை திறந்த மாதிரி. மழை பெய்கிற சத்தம் எனக்கு எங்கோ தூரத்தில் கைதட்டல் மாதிரி கேட்டது. இத்தனை காலமாக லிங்கம் அங்கேதான் நின்றிருக்கிறான், கையை நீட்டிக்கொண்டு, யாராவது தருவார்கள் என்று. என் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஜெயசீலன் பார்க்காமல் துடைத்துக்கொண்டேன்.

எண்பத்தெட்டுக்கு எண்பத்தொன்று. ஜெயித்துவிட்டோம்.

பட்டியல் வந்தது. லிங்கம் முப்பத்தேழு ஷாட், அதில் இருபத்திரண்டு விழுந்தது. சடையப்பன் பதினான்கு, அப்பாவு பதின்மூன்று, தட்சணாமூர்த்தி ஒன்பது, சக்கரபாணி ஏழு. கூட்டினேன். எண்பது!

ஜெயசீலன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டான். பிறகு, "எப்படிப்பா?" என்றான்.

"பாஸ் பண்றவன்தான் பாஸ்" என்றேன்.

"இதை நீயே கண்டுபிடிச்சியா?"

"பின்ன?" என்றேன். சொல்லும்போது கொஞ்சம் நெருடியது. ஆனால் ஜெயித்தவனுக்கு நெருடல் ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்பதில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லிக் கடை முடிந்ததும் வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்தேன். லிங்கத்தின் முப்பத்தேழு ஷாட் பட்டியலை அனைவருக்கும் காட்டினேன். அத்தை அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு சொன்னேன்: "பந்தயப்படி இனிமே தண்ணியை நியாயமாப் பிரிக்கப் போறோம். செந்தமிழ், பட்டியலைக் கொண்டா."

கதவிலிருந்து கிழித்துக்கொண்டு வந்தாள். நின்றுகொண்டே படித்தாள்.

"மொத்தம் எழுபது குடம். அம்மா எடுத்தது மூணு, சிந்தாம வந்தது ஒண்ணு. கலை எடுத்தது ஒம்போது, வந்தது அஞ்சு. வேலு எடுத்தது பத்து, வந்தது ஆறு. நான் எடுத்தது ஆறு, வந்தது மூணு."

கொஞ்சம் நிறுத்தினாள். குரலைத் தாழ்த்தினாள்.

"மாமா எடுத்தது நாப்பத்திரண்டு. சிந்தாம வந்தது நாப்பத்திரண்டு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நூத்துக்கு நூறா?" என்றான் வேல்முருகன். "மாமா, ஸ்கூல்ல டிராயிங்லகூட நான் இவ்ளோ எடுத்ததில்ல!"

"அந்த லிங்கத்துக்கே அறுபதுக்குள்ளதானே?" என்றாள் கலைமதி.

"ஐம்பத்தொன்பது" என்றேன் நான், என்னை அறியாமல்.

"மாப்பிள்ள கை பட்டா ஒரு சொட்டு கீழ விழாதும்மா. நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார் அத்தை. எப்போது சொன்னார் என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது.

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். நாற்பத்திரண்டுக்கு நாற்பத்திரண்டு. என் பெயருக்கு நேரே பென்சில் கோடுகள் ஒழுங்காக, வரிசையாக, ஒன்றுகூடக் கோணாமல் நின்றன. வாழ்நாளில் என் பெயரை எந்தப் பட்டியலிலும் நான் முதலில் பார்த்ததில்லை. இப்படியும் ஒரு கை உண்டா என்று என் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் காகிதத்தின் மேற்பாதியைப் படித்தேன். 'ஒரு செயலைத் தவறாமல் செய்கிறவர் எவரோ...'. என் கையெழுத்து. என் கையொப்பம்.

"செந்தமிழ்" என்றேன் மெதுவாக. "நீ எப்படி மூணு குடத்தைச் சிந்தினே?"

"எனக்கு அது வராதுங்க. நான் மேஸ்திரி. தண்ணியைப் பிரிச்சு விடத்தான் தெரியும், தூக்கத் தெரியாது."

"நாலு பேருக்குமா வராது?"

"நாங்க உறுதுணைங்க. எழுதியிருக்கீங்களே."

ஆறு வாரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நான் கண்டுபிடிக்காத விதியை ஒரு காலை நேரத்தில் கண்டுபிடித்தாள். ஒரு வாரத்தில் அதை வீட்டுக்குள் நடத்திக் காட்டிவிட்டாள். அதுவும் என் கையெழுத்தில். மேனேஜர் என்றால் அவளல்லவா மேனேஜர்! கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன். கோபத்துக்குப் பதிலாக எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

அதற்குள் குடம் கிளம்பிவிட்டது. அத்தை கலைமதியிடம் கொடுத்தார். கலைமதி வேல்முருகனிடம் கொடுத்தாள். வேல்முருகன் அக்காவிடம் கொடுத்தான். செந்தமிழ் இரண்டு கையாலும் மரியாதையாக என்னிடம் நீட்டினாள்.

வாங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து பத்துக் குடமும் என்னுடையவை. தினம் ஐந்து நடை. கதவில் கோடு போட்டுக்கொண்டு வருகிறார்கள். போன வியாழக்கிழமை எங்கள் வீட்டுக்குப் பத்தடி இருக்கும்போது ஒரு நாய் குறுக்கே ஓடிவந்தது. பிரேக் பிடித்தேன். ஒன்பதாவது குடத்திலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் சிந்திவிட்டது. தெருவில் யாரும் இல்லை. யாரும் பார்க்கவில்லை. நான் சைக்கிளைத் திருப்பிக் குழாயடிக்கே போய், விளிம்பு வரை நிரப்பிக்கொண்டு வந்தேன். நூறு சதவீதத்தைக் கெடுத்துக்கொள்ள முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.